கனமும் காற்றும்: பந்தய மிதிவண்டி கற்ற பாடம்

சின்ன காஞ்சிபுரத்தின் பட்டுக் கடைகளில் புடவை பார்க்க உட்காருகிறவர், விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் புடவையை இரு உள்ளங்கைகளிலும் ஏந்திப் பார்ப்பார். முறுக்கேறிய பட்டு எவ்வளவு, வெள்ளி ஏறிய ஜரிகை எவ்வளவு என்பதைத் தராசுக்கு முன்பே கை சொல்லிவிடும். அந்த ஊரில் கனம் என்றால் மதிப்பு. பந்தய மிதிவண்டி விற்கும் கடைகளிலும் ஏறக்குறைய இதே சடங்கு நடக்கிறது. வருகிறவர் வண்டியின் மேல்குழாயை இரண்டு விரல்களால் பற்றித் தூக்கிப் பார்க்கிறார். எளிதாக எழும்பினால் அவர் முகம் மலர்கிறது. அங்கே கனமின்மைதான் மதிப்பு. அளவுகோல் தலைகீழானாலும் இரண்டிடத்திலும் தீர்ப்பு வழங்குவது கைதான்.

ஆனால் சமதளச் சாலையில் விரையும் ஒரு மிதிவண்டியை எதிர்ப்பவற்றுள் ஆகப் பெரியது கைக்கு அகப்படாத ஒன்று. காற்றை யாரும் தூக்கிப் பார்க்க முடியாது. பந்தய மிதிவண்டியின் வரலாற்றைப் புரட்டினால், கை அறிந்த எதிரியோடு மனிதர்கள் நெடுங்காலம் போராடியதும், கை அறியாத எதிரியை மிகத் தாமதமாகவே நம்பத் தொடங்கியதும் தெரியவரும். எடை குறைவாகவும் இருக்க வேண்டும், காற்றைக் கிழிக்கவும் வேண்டும் என்ற இரட்டைக் கோரிக்கை இன்று எந்த விளம்பரத்திலும் காணப்படுவது. அந்த இரண்டும் ஒரே சட்டகத்தில் வந்து சேர நூறாண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. அது அம்பத்தூரில் எழுதப்பட்டது. பாதியில் நின்றும் போனது.

இரண்டு எதிரிகள்

வைகாசி பிரம்மோற்சவத்தின் கருட சேவையன்று வரதராஜப் பெருமாளோடு வீதிவலம் வரும் பெரிய குடைகளைச் சின்ன காஞ்சிபுரம் அறிந்தவர்கள் பார்த்திருப்பார்கள். கழியும் துணியுமான அந்தக் குடையின் எடையைத் தோள் பழகிக்கொள்ளும். காற்று பக்கவாட்டில் திரும்பி வீசும்போதுதான் குடை பிடிப்பவர் காலை அகட்டி ஊன்ற வேண்டியிருக்கும். எடை எப்போதும் ஒரே அளவில் கீழ்நோக்கி இழுப்பது. காற்றோ வேகத்தோடு சேர்ந்து வளர்வது.

மிதிவண்டிக்கும் இதுவே கணக்கு. காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகுகிறது. அதை வெல்லத் தேவையான திறன் மும்மடிக்கு ஏற்பப் பெருகுகிறது. மும்மடிக்கும் தமிழில் கனம் என்றே பெயர் என்பது இங்கே பொருத்தமான தற்செயல்.

எண்களில் பார்ப்போம். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று கொள்வோம். காற்று வீசாத சமதளச் சாலை; வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர்; பந்தயக்காரருக்குரிய குனிந்த அமர்வு. காற்றை விலக்கிச் செல்ல ஏறத்தாழ 260 வாட் திறன் தேவைப்படும். டயர் உருள்வதில் ஏற்படும் இழப்பு 35 வாட் அளவில் இருக்கும். இந்த நிலையில் வண்டியின் எடையில் ஒரு கிலோவைக் குறைத்தால் மிச்சமாவது அரை வாட்டுக்கும் குறைவு. காற்றுத்தடையில் இருபதில் ஒரு பங்கைக் குறைத்தாலோ 13 வாட் மிச்சமாகும். அதே உழைப்பில் ஒரு மணி நேரப் பயணத்தில் முக்கால் நிமிடத்துக்கு மேல் ஆதாயம் கிடைக்கும்.

மலைச்சாலையில் கதை வேறு. ஏலகிரி, கொல்லிமலை போன்ற ஏற்றங்களில் வேகம் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். காற்று ஏறக்குறைய வழிவிட்டு நிற்கும். 600 மீட்டர் உயரத்தை 250 வாட் திறனோடு ஏறுகிறவருக்கு ஒரு கிலோ குறைந்தால் 23 விநாடி அளவுக்கு நேரம் மிச்சமாகும். அரை மணி நேர ஏற்றத்தில் 23 விநாடி என்பது பந்தயத்தில் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையிலான தூரம்.

இரண்டையும் ஒருங்கே குறைத்துவிட வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் முடிச்சு இருக்கிறது. குறைந்த உலோகத்தில் அதிக உறுதி தருவது வட்டக் குழாய். வளைவையும் முறுக்கையும் எல்லாத் திசையிலும் ஒரே சீராக அது தாங்கும். காற்றில் மிக மோசமாக நடந்துகொள்வதும் அதே வட்டக் குழாய்தான். உருளையின் பின்புறம் காற்று ஒட்டி வராமல் பிய்ந்து சுழலும். அந்தச் சுழல் வண்டியைப் பின்னோக்கி இழுக்கும். அதே தடிப்புள்ள நீர்த்துளி வடிவத்துக்கு இதில் ஒரு சிறு பங்கு தடையே இருக்கும். ஆனால் நீர்த்துளி வடிவக் குழாய்க்குச் சுற்றளவு அதிகம். ஆகவே பொருளும் எடையும் அதிகம். பக்கவாட்டில் அது எளிதாக வளையும். குறுக்குக் காற்று அடித்தால் பாய்மரம் போல ஓட்டுபவரைத் தள்ளவும் செய்யும். எடை கேட்பது ஒரு வடிவம். காற்று கேட்பது வேறொரு வடிவம். வடிவமைப்பாளர் இந்த இரண்டு வாதிகளுக்கும் நடுவே அமர்ந்திருப்பவர்.

எஃகின் காலம்

1885இல் இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி வெளியிட்ட ரோவர் வண்டியோடு மிதிவண்டியின் இன்றைய உருவம் தொடங்குகிறது. ஏறக்குறைய ஒரே அளவான இரண்டு சக்கரங்கள், பின்சக்கரத்தை இழுக்கும் சங்கிலி. 1888இல் டன்லப் பெல்ஃபாஸ்ட் நகரில் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அடுத்த பத்தாண்டுகளில் குழாய்ச் சட்டகம் இரட்டை முக்கோணமாக நிலைபெற்றது. அதன்பின் எஞ்சியது குழாயை எவ்வளவு மெல்லியதாக்கலாம் என்ற கேள்வி மட்டுமே.

அதற்கு விடை பர்மிங்ஹாமில் ஆணி செய்துகொண்டிருந்த ஒரு குடும்பத்திடமிருந்து வந்தது. குழாய்கள் ஒன்றோடொன்று சேரும் மூட்டுகளில்தான் விசை குவிகிறது. பற்றவைக்கும் வெப்பம் உலோகத்தை நலிவிப்பதும் அங்கேதான். குழாயின் நடுப்பகுதிக்கு அவ்வளவு வேலை இல்லை. வெளிவிட்டம் மாறாமல், முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும் குழாயை இழுத்தெடுக்கும் முறைக்கு 1897இல் ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ் காப்புரிமை பெற்றார். 1935இல் அந்த நிறுவனம் மாங்கனீஸும் மாலிப்டினமும் கலந்த 531 என்ற எஃகுக் குழாயை வெளியிட்டது. அதன்பின் பல பத்தாண்டுகள் ஐரோப்பியப் பந்தய உலகில் அந்த எண்ணே தரத்தின் முத்திரையாக இருந்தது.

வலு எங்கே தேவையோ அங்கே பொருளை வை, தேவையற்ற இடத்தில் எடு என்ற இந்தச் சிந்தனை காஞ்சி நெசவாளருக்குப் புதிதல்ல. கோர்வைப் புடவையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓடும். மூன்று நாடாக்கள், தறியில் ஒருவர், துணைக்கு இன்னொருவர் என்று நடக்கும் வேலை அது. கரையில் ஜரிகையின் கனம். உடலில் பட்டின் மென்மை. இரண்டும் கூடுமிடத்தில் ஊடை இழைகள் ஒன்றையொன்று கொளுவிப் பிணைந்திருக்கும். புடவை நைந்தாலும் கரை பிரியாது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். ரெனால்ட்ஸ் எஃகில் செய்ததும் மூட்டுக்குக் கனம், நடுவுக்கு மென்மை என்ற இந்தப் பங்கீட்டைத்தான்.

அம்பத்தூருக்கு வந்ததும் வராததும்

இனி நம் கதைக்கு வரலாம். ரெனால்ட்ஸ் நிறுவனம் 1928இல் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தோடு இணைந்தது. 1910இல் பர்மிங்ஹாமில் எட்மண்ட் கிரேன் தொடங்கிய ஹெர்குலிஸ் மிதிவண்டி நிறுவனத்தையும் அதே குழுமம் 1946இல் வாங்கியது. ஒன்று உலகின் மிக இலேசான பந்தயக் குழாய்களைச் செய்தது. மற்றொன்று சாமானியரின் கனத்த வண்டியைக் கணக்கின்றிச் செய்து குவித்தது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் வந்தன.

1949இல் சென்னையின் முருகப்பா குழுமம் இந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸுடன் கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியாவை நிறுவியது. அப்போது பிரிட்டனில் குழுமத்தின் தலைவராக இருந்தவர் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்ட். அம்பத்தூர் மருத்துவமனை ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1951இல் அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வண்டிகள் வெளிவரத் தொடங்கின. 1955இல் ஆவடியில் குழாய் ஆலையும் வந்தது. பின்னர் பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் என்ற பெயர்களும் சேர்ந்தன. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை சைக்கிள் என்ற சொல்லுக்குப் பதிலாகவே இப்பெயர்களைச் சொல்லி வளர்ந்தது.

ஆக, ஹெர்குலிஸ் கப்பலேறி வந்தது. ரெனால்ட்ஸ் பர்மிங்ஹாமிலேயே தங்கிவிட்டது. இங்கே வந்த வண்டி 20 கிலோவை ஒட்டிய எடை கொண்டது. 28 அங்குலச் சக்கரம், கம்பி இழுத்துப் பிடிக்கும் பிரேக்கு, முழுச் சங்கிலி உறை, இரும்புக் கேரியர், நிமிர்ந்து உட்காரும் கைப்பிடி.

இதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. நம் சாலைகளில் அந்த வண்டி ஆற்றிய பணி அப்படிப்பட்டது. காஞ்சிபுரத்தில் சுருட்டிய பாவும் நூல் பொதியும் புடவை மூட்டையும் சைக்கிள் கேரியரில்தான் பயணம் செய்தன. பால்கேன், தண்ணீர்க் குடம், நெல் மூட்டை, முன்கம்பியில் ஒரு குழந்தை, பின்னால் மனைவி என்று வண்டியின் எடையைப் போல ஐந்து, ஆறு மடங்கை அது சுமந்தது. அந்தச் சுமைக்கு நடுவில் மெலிந்த குழாய் பொருந்தாது. சாய்வான முன்கவையும் நீண்ட சக்கர இடைவெளியும் குழி விழுந்த சாலைக்கு ஏற்றவை. அதன் வேலைக்கு அதுவே சரியான வடிவமைப்பு.

வருத்தம் வேறொன்று. ஒரு கருவியின் உற்பத்தி நமக்கு வந்தது. அதை எப்படி வடிவமைப்பது, எதற்காக எதை விட்டுக்கொடுப்பது என்ற சிந்தனை கூடவே வந்து சேரவில்லை. சுமக்கும் ஆணுக்காகச் செய்த 20 கிலோ வண்டியே சுமை எதுவுமற்ற பள்ளி மாணவிக்கும் வாய்த்தது. 1991–92இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி கற்றார்கள். அது தமிழகப் பெண்கள் வரலாற்றின் அரிய பக்கம். அவர்களில் மிகப் பலர் கற்றது உயரமும் கனமும் மிகுந்த ஆண்கள் வண்டியில். எடை என்பது பந்தயக்காரர் கவலை மட்டுமல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

காற்றுக்குத் தடை

நாம் சுமை ஏற்றிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் ஐரோப்பா காற்றைப் புரிந்துகொண்டுவிட்டதா? இல்லை என்பதுதான் வியப்பு.

சான்றுகளுக்குக் குறைவில்லை. 1899 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் லாங் ஐலண்டில் சார்லஸ் மர்ஃபி என்பவர், ஓடும் ரயிலின் பின்னால், அது காற்றை மறைத்துத் தந்த நிழலில் மிதித்து ஒரு மைல் தூரத்தை 57.8 விநாடியில் கடந்தார். அவர் கால்கள் திடீரென்று இரட்டிப்பு வலிமை பெற்றுவிடவில்லை. எதிரில் காற்று இல்லாமற் போனது, அவ்வளவே. 1901இல் ஓஹியோவின் டேட்டன் நகரில் மிதிவண்டிக் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள், வண்டியின் கைப்பிடிக்கு முன்னால் ஒரு சக்கரத்தைப் படுக்கவைத்து, அதில் இறக்கை மாதிரிகளைப் பொருத்தி, தெருவில் வேகமாக ஓட்டிக் காற்றின் விசையை அளந்தார்கள். அதே ஆண்டு சிறிய காற்றுச் சுரங்கம் ஒன்றையும் கட்டினார்கள். மிதிவண்டியிலேயே தொடங்கிய அந்த ஆய்வு விமானத்தோடு பறந்துபோனது. மிதிவண்டி பழைய வட்டக் குழாயோடு தரையில் நின்றது.

முயன்றவர்களும் உண்டு. பிரான்சில் எத்தியேன் பியூனோ-வாரியா, வண்டியையும் ஓட்டுபவரையும் மீன் வடிவக் கூட்டுக்குள் அடைக்கும் அமைப்பை உருவாக்கினார். மார்செல் பெர்த்தே 1913இல் அதை ஓட்டிச் சாதனைகள் படைத்தார். சர்வதேச மிதிவண்டிக் கூட்டமைப்பு 1914இல் இத்தகைய உறைகளைத் தடைசெய்தது. 1933 ஜூலையில் பிரான்சிஸ் ஃபோர் படுத்தபடி ஓட்டும் வண்டி ஒன்றில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் சென்றார். பத்தொன்பது ஆண்டுகள் நிலைத்திருந்த சாதனையை முறியடித்த அவர் முன்னணி வீரர் அல்லர். அதுவே சிக்கலாயிற்று. 1934இல் அந்த வகை வண்டியும் விலக்கப்பட்டது. பந்தயம் மனிதர்களுக்கிடையே நடக்க வேண்டும், இயந்திரங்களுக்கிடையே அல்ல என்பது கூட்டமைப்பின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எடையைக் குறைப்பதும் இயந்திரத்தின் வேலைதான். அதை யாரும் தடுக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் கூடு ஏமாற்றாகப்பட்டது; கைக்குத் தெரியும் இலேசு திறமையாகப்பட்டது.

இந்த மனப்பாங்கின் உச்சம் 1972. பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரச் சாதனைக்காக மெக்சிகோ நகரம் சென்றார். இத்தாலியக் கைவினைஞர் எர்னெஸ்தோ கொல்னாகோ அவருக்குச் செய்து கொடுத்த வண்டி ஐந்தே முக்கால் கிலோ அளவில்தான் இருந்தது. கைப்பிடியில் துளை, சங்கிலிக் கண்ணிகளில்கூடத் துளை. அதில் பூட்டியவை பட்டிழை டயர்கள். அக்டோபர் 25 அன்று அவர் 49.431 கிலோமீட்டர் ஓடி முடித்தார். ஆனால் அவர் ஏன் மெக்சிகோவுக்குப் போனார்? கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலுள்ள அந்நகரில் காற்று மெலிந்தது என்பதற்காக. காற்றே எதிரி என்று அறிந்து கண்டம் தாண்டிப் போனவர்கள், வண்டியில் கிராம் கிராமாக உலோகத்தைச் சுரண்டியிருந்தார்கள். அதன் வடிவத்தையோ தொடவில்லை.

பட்டிழை டயரைப் பற்றி ஒரு சொல். டயரின் உட்சட்டை எவ்வளவு மெல்லிய இழையால் ஆகிறதோ அவ்வளவு இணக்கமாகத் தரையில் வளையும், அவ்வளவு குறைவாகத் திறனை விழுங்கும். அதனால் பட்டுக்கு அங்கே மதிப்பு. காஞ்சித் தறியில் ஏறும் அதே மல்பரிப் பட்டுப்புழுவின் இழைதான். வந்து சேர்ந்த இடம் வேறு.

எட்டு விநாடியும் பத்து மீட்டரும்

1984 ஜனவரியில் இத்தாலியின் பிரான்செஸ்கோ மோசர் அதே மெக்சிகோவில் நான்கு நாள் இடைவெளியில் இருமுறை ஓடி, இரண்டாம் முறை 51.151 கிலோமீட்டரைத் தொட்டார். அவர் வண்டியில் ஆரக்கம்பிகளுக்குப் பதில் மூடிய தட்டுச் சக்கரங்கள் இருந்தன. மெர்க்ஸின் வண்டியைவிட அது கனமானது. கனமான வண்டி வேகமாக ஓடியது. கை நூறாண்டாகச் சொல்லிவந்த தீர்ப்பு அன்று முதன்முறையாகப் பலர் அறியப் பொய்த்தது.

ஐந்தாண்டு கழித்து, 1989 டூர் டி பிரான்சின் கடைசி நாள். வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் தனியோட்டம். லோரான் ஃபின்யோன் 50 விநாடி முன்னணியில் இருந்தார். அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் முழங்கைகளை ஒடுக்கி முன்னே நீட்டிப் படுக்கும் புதுவகைக் கைப்பிடியையும் பின்புறம் நீண்ட தலைக்கவசத்தையும் பயன்படுத்தினார். ஃபின்யோன் வெறுந்தலையோடு, குடுமி காற்றில் ஆட ஓட்டினார். மூன்று வாரப் பந்தயத்தை லெமாண்ட் 8 விநாடியில் வென்றார். வண்டியின் குழாய் எதுவும் இதில் மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாறியது மனித உடலின் வடிவம். மொத்தக் காற்றுத்தடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஓட்டுபவருடைய உடலால் வருவது.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்டுமன் தங்கம் வென்ற வண்டி, மைக் பர்ரோஸ் வடிவமைத்து லோட்டஸ் நிறுவனம் உருவாக்கியது. குழாய்களே இல்லாமல் ஒரே கார்பன் வார்ப்பாக இருந்தது. மறு ஆண்டு ஸ்காட்லாந்தின் கிரேம் ஒப்ரீ, சலவை இயந்திரத்துப் பேரிங்கைப் பொருத்தித் தானே செய்த வண்டியில், கைகளை மார்போடு மடக்கி ஓட்டி மோசரின் சாதனையைக் கடந்தார். 1996இல் போர்டுமன், கைகளை நேரே முன்னால் நீட்டும் அமர்வில் 56.375 கிலோமீட்டர் சென்றார்.

கூட்டமைப்பு மறுபடியும் குறுக்கிட்டது. 1996 அக்டோபரில் லுகானோவில் ஒரு சாசனம் எழுதப்பட்டது. 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, சட்டகம் இரட்டை முக்கோணமாகவே இருக்க வேண்டும், வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது. ஒரு மணி நேரச் சாதனைக்கு மெர்க்ஸ் காலத்து வகை வண்டியே வேண்டும் என்றும் ஆயிற்று. அந்த ஆண்டு அக்டோபரில் போர்டுமன் அத்தகைய வண்டியில் ஏறி மான்செஸ்டரில் 49.441 கிலோமீட்டர் ஓடினார். மெர்க்ஸைவிடப் பத்தே மீட்டர் அதிகம்.

நான்காண்டு மூத்திருந்தாலும் மனிதர் ஒருவரே. ஒரு வடிவத்தில் 56, மற்றொரு வடிவத்தில் 49. இடையிலுள்ள ஏறத்தாழ ஏழு கிலோமீட்டரில் பெரும்பகுதி காற்றுக்குச் சொந்தமானது. இதைவிடத் தெளிவான சோதனையை எந்த ஆய்வகமும் நடத்தியிருக்க முடியாது. விதிகள் 2014இல் தளர்ந்தபின், 2022இல் பிலிப்போ கான்னா 56.792 கிலோமீட்டர் ஓடினார்.

ஊடையில்லாத நெசவு

6.8 கிலோ என்ற எல்லை எதிர்பாராத ஒரு நன்மையைச் செய்தது. கார்பன் இழையின் வரவால் அந்த எல்லையைத் தொடுவது சில ஆண்டுகளிலேயே எளிதாகிவிட்டது. கீழே இறங்க வழியில்லை. ஆகவே மிச்சமான எடையை எங்கே செலவிடுவது என்று யோசிக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் சாலைப் பந்தய வண்டி காற்றின் பக்கம் முழுமையாகத் திரும்பியது. எடைக்கு விதித்த தடை காற்றுக்குக் கதவைத் திறந்தது.

உதவிக்கு வந்தது 1930களின் ஜெர்மானியர் வூனிபால்ட் காம்மின் கருத்து. நீர்த்துளியின் நீண்ட வாலைக் குறுக்கே வெட்டிவிட்டாலும், காற்று வால் இருப்பதாகவே எண்ணி ஏறக்குறைய அப்படியே கடந்துபோகும் என்று அவர் கார்களுக்குக் காட்டினார். வால் போனதால் எடை குறைகிறது, விறைப்பு கூடுகிறது, குறுக்குக் காற்றின் பிடியும் தளர்கிறது. பின்புறம் மழுங்கிய இந்தக் குழாயே எடைக்கும் காற்றுக்கும் இடையிலான சமரசத்தின் உருவம். நெடுங்காலம் நிறுவனங்கள் மலைக்கு ஒன்று, சமதளத்துக்கு ஒன்று என இரண்டு வண்டிகளை விற்றன. 2020இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் டார்மாக் எஸ்.எல்.7 என்ற வண்டியில் இரண்டையும் இணைத்து, காற்றுக்கென்று தனியே வைத்திருந்த வெஞ்ச் வண்டியை நிறுத்தியபோது அந்தப் பிரிவினை கரையத் தொடங்கியது தெளிவாயிற்று.

கார்பன் சட்டகத்தின் மேல் தெரியும் பாவு-ஊடைக் கட்டத்தைப் பார்த்து, இதுவும் நம் தறி வேலைதான் என்று சொல்லத் தோன்றும். உயர்தரச் சட்டகம் ஒன்று முக்கால் கிலோவை ஒட்டி, ஒரு முகூர்த்தப் பட்டின் எடையில் இருப்பதும் அந்த எண்ணத்தை வளர்க்கும். ஆனால் பெரும்பாலான சட்டகங்களில் அந்த நெசவு மேலாடை மட்டுமே. வலுவைத் தாங்கும் உள்ளடுக்குகளில் இழைகள் ஒரே திசையில் நேராகப் படுத்திருக்கும். ஊடையைக் கடக்கப் பாவு இழை ஏறி இறங்கும் ஒவ்வொரு வளைவிலும் கார்பன் வலுவிழக்கிறது. ஆகவே ஓர் அடுக்கு நீளவாக்கில், அடுத்தது சாய்வாக, அதற்கடுத்தது எதிர்ச்சாய்வாக என்று விசை வரும் திசை பார்த்து அடுக்குகிறார்கள். டயர்காரர்கள் 1890களிலேயே இதைக் கண்டுகொண்டார்கள். நெய்த துணியில் இழைகள் ஒன்றையொன்று அறுத்துக்கொள்வதால், அமெரிக்கரான பாமர் ஊடையை நீக்கிவிட்டு இணையான இழைகளைக் குறுக்கு அடுக்குகளாக வைத்தார். பட்டிழை டயரும் அப்படிச் செய்ததே. பந்தய மிதிவண்டி நெசவாளரிடமிருந்து பெற்றது பாவை மட்டும். நெசவில் ஊடையும் பாவும் சமம் என்றால், இங்கே விசையின் திசையே பாவு.

காஞ்சிச் சாலையில்

2011இல் டி.ஐ. சைக்கிள்ஸ் மாண்ட்ரா என்ற பெயரில் கார்பன் சட்டகமும் உள்ளடங்கிய புதிய வரிசையை வெளியிட்டது. ஹெர்குலிஸ் வந்து அறுபது ஆண்டுகள் கழித்து, அன்று பர்மிங்ஹாமிலேயே தங்கிவிட்ட அந்த மற்றப் பாதி, வேறு பொருளில், வேறு பெயரில் வந்து சேர்ந்தது எனலாம். இப்போது விடுமுறை நாட்களின் விடியற்காலையில் சென்னையிலிருந்து காஞ்சிக்கு வந்து திரும்பும் பந்தய வண்டிகளைக் காண்பது அரிதல்ல.

அந்தச் சாலையில் மலை இல்லை. பாலாற்றுப் படுகையின் சமவெளி. எதிர்ப்படுவது காற்று மட்டுமே. ஆயினும் அங்கே ஓட்டுகிறவர்களின் பேச்சில் முதலில் வருவது எத்தனை கிலோ என்ற கேள்விதான். ஒரு கிலோ குறைவான சட்டகத்துக்காகப் பல்லாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்க ஆயத்தமாக இருப்பவர், அதே சாலையில் நிமிர்ந்து உட்கார்ந்து அதைப் போல இருபது, முப்பது மடங்கு திறனைக் காற்றுக்குத் தானம் செய்துகொண்டிருப்பார். இறுக்கமான சட்டை, சற்றே தாழ்ந்த கைப்பிடி, மடங்கிய முழங்கை ஆகியவை எந்தக் கார்பனையும்விடக் குறைந்த விலையில் அதிகம் தரும். ஒருவர் பின் ஒருவராகச் செல்லும் குழுவில் பின்னால் வருபவருக்கு மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம் என்பதும் மர்ஃபி ரயிலின் பின்னால் கற்ற பாடமே.

இதைப் பணமுள்ளவர்களின் பொழுதுபோக்குக் கணக்கு என்று ஒதுக்கிவிடக் கூடாது. எந்தச் சாலை, எந்த வேகம், யார் உடல், என்ன சுமை என்று கேட்டபின் கருவியைச் செய்வதே வடிவமைப்பு. பந்தய உலகம் அந்தக் கேள்விகளைத் தவணை முறையில், தோல்விகளின் வழியே கேட்கக் கற்றது. அம்பத்தூரின் பழைய ரோட்ஸ்டர், மூட்டை சுமந்தவருக்கு அந்தக் கேள்விகளுக்குச் சரியான விடையாகவும், பள்ளிக்குப் போன பெண்ணுக்குத் தவறான விடையாகவும் இருந்தது. விலையில்லா மிதிவண்டிகள் மாணவ மாணவியருக்கு வழங்கப்படும் ஒரு மாநிலத்தில், இலேசான, உறுதியான, எதிர்காற்றில் எளிதாக மிதிக்கத்தக்க வண்டி எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வி எந்தத் தங்கப் பதக்கத்தையும்விடப் பெரியது. அதைச் செய்யத் தேவையான குழாய் ஆலை ஆவடியில் 1955இலேயே வந்துவிட்டது. எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்ற அறிவு சின்ன காஞ்சிபுரத்துத் தறிகளில் அதற்கும் வெகுகாலம் முன்பே இருந்தது.